சாட்டர்டே நைட் லைவ்: துண்டு வீடியோக்களைத் தாண்டி முழுதாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

யூடியூபில் அமெரிக்க அதிபரைப் போல் ஒருவர் பேசும் நாலு நிமிட வீடியோ கண்ணில் படுகிறது. வாய்விட்டுச் சிரிக்கிறோம். அதே சேனலில் அடுத்ததைத் தட்டினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. அரங்கம் கைதட்டுகிறது, எதற்கென்று நமக்குத் தெரியவில்லை. 'சாட்டர்டே நைட் லைவ்' நம்மில் பலருக்கு இப்படித்தான் அறிமுகமாகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி இது. சுருக்கமாக எஸ்.என்.எல். "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று ஒதுக்கிவிட்டவர்களும் நிறைய பேர்.

இந்த நிகழ்ச்சியைத் துண்டு துண்டாகப் பார்த்தால் பாதிச் சுவை போய்விடும். வாரத்தின் செய்தியை அந்த வாரமே எழுதி, ஆறே நாளில் செட் போட்டு, சனிக்கிழமை இரவு நேரலையில் நடித்துக் காட்டுகிறார்கள். அந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சுமாரான ஸ்கெட்ச்கூட, அதாவது சிறு நகைச்சுவை நாடகம்கூட, நம்மை இழுத்து உட்கார வைக்கும். கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்து பாருங்கள்.

முதல் படி: என்ன நிகழ்ச்சி, எங்கிருந்து வந்தது

1970களின் நடுவில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி சனிக்கிழமை பின்னிரவில், இரவு நேர உரையாடல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜானி கார்சனின் பழைய நிகழ்ச்சிகளை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தது. வாரநாட்களில் தான் விடுப்பு எடுக்கும்போது போட அவை வேண்டும், சனிக்கிழமையில் வீணாக்காதீர்கள் என்றார் கார்சன். அந்த இடத்தை நிரப்ப ஏதாவது தேவைப்பட்டது. டிக் எபர்சால் என்ற நிர்வாகி, லார்ன் மைக்கேல்ஸ் என்ற கனடாக்காரரைக் கொண்டுவந்தார். மைக்கேல்ஸுக்கு அப்போது வயது 30.

1975 அக்டோபர் 11 அன்று முதல் ஒளிபரப்பு. ஜார்ஜ் கார்லின் தொகுத்து வழங்கினார், பில்லி பிரெஸ்டனும் ஜேனிஸ் இயானும் பாடினார்கள். டான் அய்க்ராய்ட், ஜான் பெலூஷி, செவி சேஸ், ஜேன் கர்ட்டின், காரெட் மோரிஸ், லரெய்ன் நியூமன், கில்டா ராட்னர் ஆகியோர் முதல் குழுவில் இருந்தார்கள். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற பெயரை அப்போது ஏபிசி தொலைக்காட்சியில் வேறொரு நிகழ்ச்சி வைத்திருந்தது. அது நின்றுபோன பிறகு, 1977இல்தான் இவர்களுக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருக்கும் ஸ்டூடியோ 8எச்தான் தொடக்கத்திலிருந்தே இதன் வீடு. வானொலிக்காகக் கட்டிய அரங்கம் அது. இசை நடத்துநர் டாஸ்கனினி தன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திய இடம். அதனாலோ என்னவோ, இசை இந்த நிகழ்ச்சியில் ஒப்புக்குச் சேர்த்ததாக என்றுமே இருந்ததில்லை. முதல் ஐந்து ஆண்டுகள் இசை இயக்குநராக இருந்தவர் ஹவார்ட் ஷோர். பின்னாளில் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்கு இசையமைத்தவர் அவரேதான்.

அமைப்பு எளிது. நிரந்தரமாக ஒரு நடிகர் குழு. வாரம் ஒரு தொகுப்பாளர்: நடிகராக இருக்கலாம், விளையாட்டு வீரராக இருக்கலாம், அரசியல்வாதியாகக்கூட இருக்கலாம். வாரம் ஒரு இசை விருந்தினர். 1980இல் மைக்கேல்ஸ் விலகி, 1985இல் திரும்பி வந்தார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தியதில் எடி மர்ஃபிக்குத்தான் பெரும் பங்கு.

இரண்டாம் படி: அந்த ஆறு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படியைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். இது மனதில் பதிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

திங்கட்கிழமை மாலை. 17ஆம் மாடியில் மைக்கேல்ஸின் அறையில் எழுத்தாளர்களும் நடிகர்களும் நெருக்கியடித்து, தரையிலும் உட்கார்ந்து, அந்த வாரத் தொகுப்பாளரிடம் ஆளுக்கு ஓரிரு யோசனைகள் சொல்வார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சந்திப்பு அது. அங்கே சொன்னது கடைசிவரை நிற்கும் என்று யாரும் நம்புவதில்லை.

செவ்வாய் இரவு எழுதும் இரவு. புதன் விடியும்வரை அலுவலகத்திலேயே கிடப்பார்கள். புதன் பிற்பகலில் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து சுமார் 40 ஸ்கெட்ச்களை வாய்விட்டுப் படிப்பார்கள். அப்புறம் மைக்கேல்ஸ், தொகுப்பாளர், தலைமை எழுத்தாளர்கள் எல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்கள். கதவு திறக்கும்போது பத்துப் பன்னிரண்டு மட்டும் பிழைத்திருக்கும்.

அன்றிரவே செட் வேலை தொடங்கிவிடும். புரூக்ளினில் உள்ள பட்டறையில் தச்சர்கள் சுவரும் கதவும் அடித்து ராக்ஃபெல்லர் சென்டருக்கு அனுப்புவார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு: ஸ்கெட்சை எழுதியவரே அதற்குப் பொறுப்பாளரும். சோபா எந்த நிறத்தில் வேண்டும், விக் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தாளர்தான் போய்ச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது. இங்கிருந்து வெளியே போனவர்களில் பலர் படமும் தொடரும் எடுக்கத் தேறியதற்கு இந்தப் பயிற்சி ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் திருத்தம், ஒத்திகை, முன்கூட்டியே படமாக்கும் பகுதிகளுக்கான படப்பிடிப்பு. இசை விருந்தினரின் ஒத்திகை வியாழனன்று.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பார்வையாளர்களை உட்கார வைத்து முழு ஒத்திகை. ஒளிபரப்புக்குத் தேவைப்படுவதைவிட அதிகமான ஸ்கெட்ச்களை இதில் போட்டுப் பார்ப்பார்கள். எது சிரிப்பை வாங்கியது, எது படுத்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். உடனே மேலே ஒரு கூட்டம். மூன்று நாளாகச் செட் போட்டு, உடை தைத்து, ஒப்பனை முடித்த ஸ்கெட்ச் அந்த அறையில் ஒரே வார்த்தையில் போய்விடும். வரிசை மாறும், வசனம் மாறும். 11:30க்கு நேரலை.

இந்தக் கடைசி நேர மாற்றத்தைத் தாங்குவது ஒரு பழைய சாதனம்: கியூ கார்டு. பெரிய வெள்ளை அட்டையில் மார்க்கரால் கையெழுத்தில் வசனம், ஒவ்வொரு நடிகருக்கும் ஒவ்வொரு நிறம். கேமரா பக்கத்தில் ஒருவர் நின்று அட்டை அட்டையாக எடுத்துக்காட்டுவார். ஒத்திகைக்குப் பிறகு மாறிய சொற்களின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, அதன் மேலேயே புதிதாக எழுதுவார்கள். நடிகரின் பார்வை எதிரே நிற்பவரை விட்டுக் கொஞ்சம் விலகியிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அட்டையைத்தான் பார்க்கிறார். மனப்பாடம் செய்யாமல் வந்துவிட்டார் என்று குறைசொல்ல வேண்டாம், அந்த வரி பிறந்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

பில் ஹேடர் நடித்த ஸ்டெஃபான் என்ற பாத்திரத்தைத் தேடிப் பாருங்கள். ஹேடர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கத் திணறுவார். அவருடன் சேர்ந்து எழுதிய ஜான் முலேனி, ஒத்திகை முடிந்த பிறகு அட்டையில் வரிகளை மாற்றிவிடுவார். ஹேடர் அவற்றை முதன்முறையாகப் படிப்பதே நேரலையில்தான். நாம் பார்க்கும் சிரிப்பு நிஜமான சிரிப்பு.

மூன்றாம் படி: ஒரு முழு நிகழ்ச்சியை வரிசையாகப் பாருங்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பீகாக் என்ற ஓடிடி தளத்தில் முழு நிகழ்ச்சிகள் உண்டு. மற்றவர்கள் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் ஒரே தேதியின் வீடியோக்களை எடுத்து, கீழே சொல்லும் வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். நியூயார்க்கில் சனி இரவு 11:30 என்பது நமக்கு ஞாயிறு காலை 9 மணி, அவர்களின் குளிர்காலத்தில் 10 மணி. ஞாயிறு மதியத்துக்குள் பெரும்பாலானவை யூடியூபுக்கு வந்துவிடும்.

முதலில் வருவது 'கோல்ட் ஓப்பன்'. தலைப்புக்கு முன்பே, பெரும்பாலும் அரசியலோடு தொடங்கும் ஸ்கெட்ச். "லைவ் ஃப்ரம் நியூயார்க், இட்ஸ் சாட்டர்டே நைட்!" என்ற கூவலோடு முடியும். அடுத்து தலைப்பு, தொகுப்பாளரின் தனிப்பேச்சு. பிறகு இரண்டு மூன்று ஸ்கெட்ச், ஒரு போலி விளம்பரம் அல்லது முன்பே எடுத்த குறும்படம். நள்ளிரவை ஒட்டி முதல் பாட்டு. அதையடுத்து 'வீக்கெண்ட் அப்டேட்', அதாவது போலிச் செய்தி அறிக்கை. முதல் நாளிலிருந்து இன்றுவரை தொடரும் பகுதி இது. 2014 முதல் காலின் ஜோஸ்டும் மைக்கேல் செயும் வாசிக்கிறார்கள். மறுபடி ஸ்கெட்ச்கள், இரண்டாவது பாட்டு, ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஸ்கெட்ச், பிறகு எல்லாரும் மேடையில் நின்று விடைபெறுவார்கள்.

அந்தக் கடைசி ஸ்கெட்சைத் தவறவிடாதீர்கள். பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுத்தாளர்கள் தங்களுக்குப் பிடித்த கிறுக்குத்தனத்தையெல்லாம் அங்கே கொட்டுவார்கள். கோல்ட் ஓப்பன் அண்மை ஆண்டுகளில் செய்தியை அப்படியே நடித்துக்காட்டும் நீளமான சடங்காகிவிட்டது என்பது என் கருத்து. எஸ்.என்.எல். எழுத்தின் உயிர் இப்போது அப்டேட்டிலும் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்திலும்தான் இருக்கிறது.

இன்னொன்று. 'கட் ஃபார் டைம்' என்ற பெயரில் சில வீடியோக்கள் இருக்கும். ஒத்திகைவரை வந்து வெட்டப்பட்டவை அவை. முழு நிகழ்ச்சியைப் பார்த்து முடித்ததும் அதே வாரத்தின் வெட்டுண்ட ஸ்கெட்சையும் பாருங்கள். ஏன் எடுத்தார்கள் என்று நீங்களே யோசிப்பது நல்ல பயிற்சி. எடுத்திருக்கக் கூடாது என்று தோன்றுவதும் உண்டு.

நான்காம் படி: அரசியல் நையாண்டிக்கு முன் செய்தியைப் படியுங்கள்

செய்தி தெரியாமல் நையாண்டி விளங்காது. அதற்கு மிகச் சிறந்த பாடம் 2008. செப்டம்பர் தொடக்கத்தில் சாரா பேலின் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரானார். முகச்சாயலில் டினா ஃபேயைப் போலவே இருந்தார். ஃபே அதற்கு இரண்டு ஆண்டு முன்பே குழுவை விட்டுப் போயிருந்தார். அவரைத் திரும்பக் கூட்டிவந்து செப்டம்பர் 13 அன்று பேலினாக நிறுத்தினார்கள். பக்கத்தில் ஹிலாரி கிளின்டனாக ஏமி போஹ்லர்.

இரண்டு வாரம் கழித்து, செய்தியாளர் கேட்டி கூரிக் பேலினிடம் எடுத்த நேர்காணலை வைத்து இன்னொரு ஸ்கெட்ச் வந்தது. முதலில் கூரிக் எடுத்த அசல் நேர்காணலைப் பாருங்கள், உடனே ஸ்கெட்சைப் பாருங்கள். சில இடங்களில் பேலின் சொன்ன பதிலையே கிட்டத்தட்ட வரி மாற்றாமல் ஃபே சொல்கிறார். நகைச்சுவை எழுத்தாளர்கள் ஒன்றும் சேர்க்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்ததே அங்கே பெரிய நையாண்டி. அதே சமயம், தன் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்ற வரியைப் பேலின் சொன்னதாகவே பலர் இன்றும் நம்புகிறார்கள். அது ஃபே முதல் ஸ்கெட்சில் பேசிய வசனம். மிமிக்ரியின் வலிமையும் ஆபத்தும் ஒரே வாக்கியத்தில் தெரிகிறது. அக்டோபர் 18 அன்று பேலினே நேரில் நிகழ்ச்சிக்கு வந்தார்.

இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு. 1975இல் செவி சேஸ் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டாக நடித்தபோது ஒப்பனையும் போடவில்லை, குரலையும் மாற்றவில்லை. விழுந்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டு சால்ஸ்பர்க்கில் விமானப் படியில் ஃபோர்ட் தடுக்கி விழுந்ததை நாடே பார்த்திருந்தது. கல்லூரிக் காலத்தில் நல்ல அமெரிக்கக் கால்பந்து வீரரான ஃபோர்டுக்குத் தடுமாறுகிற மனிதர் என்ற பெயர் அதற்குப் பிறகு போகவே இல்லை. 1976 ஏப்ரலில் ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் ரான் நெசனே தொகுப்பாளராக வந்தார். கேலி செய்யப்பட்டவர்கள் கேலி நடக்கும் மேடைக்கே வந்து ஏறும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம். அந்த வழக்கம் நையாண்டியின் பல்லைக் கொஞ்சம் மழுங்கடிக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மேடையில் வந்து சிரித்துவிட்டுப் போகிறவரைப் பார்வையாளர்கள் பாதி மன்னித்துவிடுகிறார்கள்.

சட்டமும் இதில் வரும். அமெரிக்காவில் ஒரு வேட்பாளருக்கு ஒளிபரப்பு நேரம் தந்தால் மற்ற வேட்பாளருக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். 2024 நவம்பர் 2 அன்று, தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில், கமலா ஹாரிஸ் வந்து, தன்னைப் போல் நடிக்கும் மாயா ருடால்ஃபுக்கு எதிரே உட்கார்ந்தார். மறுநாளே டிரம்புக்கு விளையாட்டு ஒளிபரப்புகளின்போது இலவச நேரம் தந்தது என்பிசி. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான ஹாரிஸை வைத்து அமெரிக்கா எப்படிச் சிரித்தது என்பது நமக்குத் தனி ஆர்வத்தைத் தரும். ருடால்ஃபின் மிமிக்ரியைத் தொடக்கத்திலிருந்தே பாருங்கள்.

ஐந்தாம் படி: பாட்டைத் தாண்டிப் போகாதீர்கள்

பாட்டு வந்ததும் ஓட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். இருங்கள். இசை விருந்தினருக்கு வழக்கமாக இரண்டு பாட்டு. எழுதிக்கொடுத்த வசனம் இல்லாமல், கேமரா முன்னால் தன்னிச்சையாக நிற்கிற ஒரே ஆள் அவர்தான். நிகழ்ச்சியின் வரலாற்றில் நடந்த பெரிய அதிர்ச்சிகள் சில அங்கேயே நடந்தன.

1977 டிசம்பர் 17. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு விசாச் சிக்கலில் வர முடியாமல் போக, எல்விஸ் காஸ்டெல்லோ அழைக்கப்பட்டார். ஒரு பாட்டைத் தொடங்கிச் சில நொடிகளில் கையசைத்து நிறுத்தினார். இதைப் பாடக் காரணமில்லை என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒலிபரப்பு நிறுவனங்களைச் சாடும் வேறொரு பாட்டுக்குத் தாவினார். 1989வரை அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

1996 ஏப்ரலில் கோடீஸ்வர அரசியல்வாதி ஸ்டீவ் ஃபோர்ப்ஸ் தொகுப்பாளராக இருந்த இரவில், ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின் குழு தன் ஒலிபெருக்கிகளில் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டது. ஊழியர்கள் ஓடிவந்து எடுத்தார்கள். குழுவுக்கு இரண்டாவது பாட்டு கிடைக்கவில்லை.

ஆனால் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியது 1992 அக்டோபர் 3. ஷினேட் ஓ'கானர், வெள்ளை உடையில், இசைக்கருவி ஏதுமின்றி பாப் மார்லியின் பாட்டொன்றைப் பாடினார். ஒத்திகையில் பாட்டின் முடிவில் ஒரு குழந்தையின் படத்தைத் தூக்கிக் காட்டியிருந்தார். நேரலையிலும் அதையே செய்வார் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். அவர் கையில் எடுத்ததோ போப் இரண்டாம் ஜான் பாலின் படம். கேமராவை நேராகப் பார்த்து அதைக் கிழித்தெறிந்தார். திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைக்கு எதிராக. அரங்கத்தில் கைதட்டல் இல்லை, கூச்சலும் இல்லை. மறுஒளிபரப்பில் ஒத்திகைப் பதிவையே போட்டார்கள். அடுத்த வாரத் தொகுப்பாளர் ஜோ பெஷி அந்தப் படத்தை ஒட்டியெடுத்துக் காட்ட, கைதட்டல் கிடைத்தது. திருச்சபையின் அந்தக் குற்றங்களை உலகம் உரக்கப் பேசப் பல ஆண்டுகள் ஆயின. அன்று அந்த மேடையில் உண்மையைச் சொன்னவர் நகைச்சுவையாளர்களில் ஒருவரல்ல, பாட வந்தவர்.

ஆறாம் படி: எங்கே தொடங்குவது

1975லிருந்து வரிசையாகப் பார்க்க முயல வேண்டாம், களைத்துவிடுவீர்கள். என் பரிந்துரை இது. 2017 ஜனவரி 21 நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். டிரம்ப் பதவியேற்ற மறுநாள். தொகுப்பாளர் அசீஸ் அன்சாரி, தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய வம்சாவளியில் முதன்முதலாக அங்கே தொகுத்து வழங்கியவரும் அவரே. குடியேறிகள் பற்றிய பயம் நாடெங்கும் பரவியிருந்த நாளில் அவர் நிதானமாகப் பேசிய தனிப்பேச்சைக் கேளுங்கள்.

அடுத்து 2001 செப்டம்பர் 29. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் வந்த முதல் நிகழ்ச்சி. தீயணைப்பு வீரர்களுடன் மேயர் ஜூலியானி நிற்க, பால் சைமன் பாடுகிறார். நாங்கள் வேடிக்கையாக இருக்கலாமா என்று மைக்கேல்ஸ் கேட்கிறார். "இப்போது மட்டும் எதற்குத் தொடங்குகிறீர்கள்?" என்கிறார் மேயர்.

அதற்குப் பிறகு 2008 இலையுதிர்காலம் முழுவதும். பிறகு 2005 டிசம்பர் 17இல் வந்த ஆண்டி சாம்பெர்க் குழுவின் ராப் குறும்படம். அப்போதுதான் பிறந்திருந்த யூடியூபில் அது காட்டுத்தீயாகப் பரவியது. இவை பிடித்தால் 1975க்குப் போங்கள், அப்போது அந்தப் பழைய வேகக்குறைவு உறுத்தாது.

ஏழாம் படி: நியூயார்க் போகிறவர்களுக்கு

டிக்கெட் இலவசம். ஆகஸ்ட் மாதத்தில் மின்னஞ்சல் அனுப்பினால் குலுக்கலில் தேர்வு செய்வார்கள். தேதியையோ தொகுப்பாளரையோ நாம் கேட்டு வாங்க முடியாது. இன்னொரு வழி 'ஸ்டாண்ட்பை'. நிகழ்ச்சி உள்ள வாரத்தில் இணையத்தில் முன்பதிவு செய்து, பிறகு வரிசையில் நிற்க வேண்டும். நின்றாலும் உள்ளே இடம் உறுதியில்லை. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வேண்டும்.

ஸ்டாண்ட்பையில் எட்டு மணி ஒத்திகையா, 11:30 நேரலையா என்று கேட்பார்கள். எல்லாரும் நேரலைக்கு அடித்துக்கொள்வார்கள். நீங்கள் ஒத்திகையைக் கேளுங்கள். தொலைக்காட்சியில் வராமலே போகப்போகும் ஸ்கெட்ச்களும் அங்கே உண்டு. அறைக்குத் திரும்பி 11:30க்கு டிவியைப் போட்டால், நீங்கள் சிரித்தவற்றில் எது தப்பியது, எது போனது, எந்த வசனம் மாறியது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம்.